ஒட்டுவது 10 வயர்... வருவது 12 படம்! இ.சி.ஜி-க்குள் ஒளிந்திருக்கும் ப்ளஸ் டூ பாடம்

"சட்டையைக் கழற்றிட்டுப் படுங்க..."

இ.சி.ஜி அறைக்குள் நுழைந்ததும் காதில் விழும் முதல் வாக்கியம் இதுதான். ஜில்லென்று ஜெல் தடவுவார்கள். இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் துணிக்கு மாட்டுகிற கிளிப் மாதிரி ஒன்று, நெஞ்சில் வரிசையாக ஆறு ரப்பர் கப். பெரியவர்கள் மெதுவாகக் கேட்பார்கள், "ஷாக் அடிக்குமாம்மா?" அடிக்காது. அந்த மெஷின் உடம்புக்குள் கரன்ட்டை அனுப்பிப் படம் எடுப்பதில்லை. உடம்பில் ஏற்கெனவே இருப்பதைத் தொட்டுப் பார்த்து எழுதுகிறது, அவ்வளவுதான்.

ஒரு நிமிடத்தில் காகிதம் வந்துவிடும். அதை மடித்து ஃபைலில் வைப்பதற்கு முன் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். உடம்பில் ஒட்டியது மொத்தம் 10 வயர். அதிலும் வலது காலில் மாட்டியது வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைக் குறைப்பதற்காக, அது படம் எதையும் தருவதில்லை. மீதி ஒன்பதுதான். ஆனால் காகிதத்தில், கீழே நீளமாக ஓடும் கோட்டை விட்டுவிட்டு எண்ணினால், 12 படங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றில் கூம்பு மேலே எழும்பும், ஒன்றில் தலைகீழாகத் தொங்கும், இன்னொன்றில் கூம்பு இருப்பதே தெரியாது.

இருப்பது ஒரே இதயம். அப்புறம் எதற்கு 12 படம்?

பதில், வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளை இருந்தால் அதன் பிசிக்ஸ் புத்தகத்திலேயே இருக்கிறது. 'மின் இருமுனை' என்ற பாடம். 'அச்சுக்கோட்டில் மின்புலம்', 'நடுவரைத் தளத்தில் மின்புலம்' என்று மனப்பாடம் செய்து எழுதிவிட்டு மறந்துபோகிற அதே பாடம்தான்.

உப்புத் தண்ணீரில் ஒரு பேட்டரி

பிளஸ் மின்னூட்டம் ஒன்று, அதே அளவில் மைனஸ் மின்னூட்டம் ஒன்று. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அது மின் இருமுனை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைவிட நாம் நிற்கும் தூரம் மிகவும் அதிகம் என்றால் அதைக் குறு இருமுனை என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போது ஒரு பெரிய அகலமான பாத்திரம், அதில் உப்புத் தண்ணீர், நடுவில் சின்னதாக ஒரு பேட்டரி கிடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கோடுகள் புறப்பட்டு, தண்ணீர் முழுக்க வளைந்து பரவி, மைனஸ் முனைக்குத் திரும்பும். பிளஸ் முனைக்கு எதிரே மீட்டரின் கம்பியை வைத்தால் பிளஸ் காட்டும். மறுபக்கம் வைத்தால் மைனஸ். சரியாக நடுக்கோட்டில், அதாவது இரண்டு முனைகளுக்கும் சம தூரத்தில் வைத்தால்? பூஜ்ஜியம். பேட்டரி அங்கேதான் இருக்கிறது, வேலையும் செய்கிறது. ஆனால் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து அது தெரியவில்லை!

இன்னொரு விஷயமும் உண்டு. ஒற்றை மின்னூட்டத்தைவிட்டு இரண்டு மடங்கு தூரம் தள்ளிப்போனால் அதன் மின்புலம் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இருமுனையில் அப்படியல்ல, எட்டில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கு தூரம் போனால் 27-ல் ஒரு பங்கு. காரணம் எளிது. தூரத்திலிருந்து பார்க்கும்போது பிளஸும் மைனஸும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் இருப்பதுபோல ஆகி ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. மிஞ்சுவது சின்ன வித்தியாசம் மட்டும்தான். அந்த மிச்சமும் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் இருக்காது. ஒரே தூரத்தில், முனைகளின் நேர்க்கோட்டில் இருக்கும் மின்புலம், பக்கவாட்டில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. ப்ளஸ் டூ பிள்ளைகள் எழுதும் அந்தச் சமன்பாடுகள் சொல்வது இதைத்தான்.

இ.சி.ஜி மெஷின் அளப்பது இந்த மின்புலத்தை நேரடியாக அல்ல. இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள மின்னழுத்த வித்தியாசத்தை. இருமுனையின் மின்னழுத்தம் கொஞ்சம் நிதானமாகக் குறையும், இரண்டு மடங்கு தூரத்துக்கு நான்கில் ஒரு பங்கு. ஆனால் 'எங்கே நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் என்ன தெரியும்' என்ற விதி இரண்டுக்கும் ஒன்றேதான்.

நெஞ்சுக்குள் ஒரு மெக்ஸிகன் வேவ்

இதயத்துக்குள் பேட்டரி எங்கிருந்து வந்தது?

இதயத் தசையின் ஒவ்வொரு செல்லும் ஓய்வாக இருக்கும்போது, அதன் உள்பக்கம் வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 90 மில்லிவோல்ட் மைனஸில் இருக்கும். துடிப்பதற்கான சிக்னல் வந்ததும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து இந்த நிலை தலைகீழாகும். சிக்னல் தொட்ட செல்களின் வெளிப்பக்கம் இப்போது மைனஸ். இன்னும் தொடாத பக்கத்து செல்களின் வெளிப்பக்கம் பிளஸ். இரண்டும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் பிளஸும் மைனஸும் அருகருகே. அதுதான் இருமுனை!

கிரிக்கெட் ஸ்டேடியத்தில் மெக்ஸிகன் வேவ் போகுமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்பவர்களுக்கும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நடுவே ஓடும் எல்லைதான் நம் கண்ணுக்கு அலையாகத் தெரிகிறது. எல்லோரும் உட்கார்ந்திருந்தால் அலை இல்லை. எல்லோரும் எழுந்து நின்றுவிட்டாலும் அலை இல்லை.

இதயத்தின் கீழறைகள் முழுவதையும் இந்த அலை சுமார் பத்தில் ஒரு நொடிக்குள் கடந்துவிடும். அந்தச் சிறு நேரத்துக்குள் நெஞ்சுக்குள் ஓர் அம்புக்குறி நீண்டு, திரும்பி, சுருங்குவதாக வைத்துக்கொள்ளலாம். அதுதான் காகிதத்தில் உயரமான கூம்பு. கூம்பு முடிந்ததும் கோடு கொஞ்ச தூரம் சமமாக ஓடும். இதயம் அப்போது ஓய்வெடுப்பதாகப் பலரும் நினைப்பார்கள். அது தப்பு. கீழறைகள் முழு பலத்தோடு ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருக்கும் நேரம் அது. எல்லா செல்களும் 'எழுந்து நிற்பதால்' எல்லைக்கோடு இல்லை, இருமுனை இல்லை, அதனால் கோடு தட்டை.

ரத்தக்குழாய் அடைத்து ஒரு பகுதித் தசைக்கு ரத்தம் கிடைக்காமல் போனால் என்ன ஆகும்? அந்தப் பகுதி மற்ற செல்களோடு ஒத்துப்போகாது. எல்லோரும் நிற்கும்போது ஒரு வரிசை மட்டும் பாதி எழுந்த நிலையில் இருந்தால் அங்கே எல்லை தெரியும் அல்லவா, அப்படி. இருக்கக் கூடாத நேரத்தில் ஓர் இருமுனை. சமமாக ஓட வேண்டிய கோடு மேலே தூக்கிக்கொள்ளும், அல்லது கீழே இறங்கும். 'எஸ்.டி எலிவேஷன்' என்று டாக்டர்கள் பதற்றமாகப் பேசிக்கொள்வார்களே, அதன் பின்னால் இருப்பது இதுதான்.

இவ்வளவு பெரிய நாடகம் நடந்தும் தோலுக்கு வந்து சேருவது சுமார் ஒரு மில்லிவோல்ட்தான். டிவி ரிமோட்டில் போடும் 1.5 வோல்ட் பேட்டரியில் 1,500-ல் ஒரு பங்கு.

உப்புத் தண்ணீரில் நின்ற புல்டாக்

இவ்வளவு சின்ன சிக்னலை முதன்முதலில் மனித உடம்பின் மேலிருந்து பதிவு செய்தவர் அகஸ்டஸ் வாலர். ஆண்டு 1887, இடம் லண்டன் செயின்ட் மேரிஸ் மருத்துவமனை. மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் ஏறி இறங்குவதுதான் அவருடைய மீட்டர். அந்த அசைவைப் படம்பிடிக்க போட்டோ தகட்டை மெதுவாக நகர்த்த வேண்டுமே? பொம்மை ரயிலின் மேல் தகட்டைக் கட்டி ஓடவிட்டார்!

வாலர் செய்த பெரிய காரியம் பதிவு செய்தது மட்டுமல்ல. கைகள், கால்கள், வாய், நெஞ்சு என்று இடத்தை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வலது கையும் இடது கையும் நல்ல ஜோடி. வலது கையும் காலும் நல்ல ஜோடி. ஆனால் இடது கையும் காலும் சேர்ந்தால் சிக்னல் சரியாக வருவதில்லை. இரண்டு கால்களை மட்டும் இணைத்தாலும் அப்படித்தான். ஏன்? அவர் நெஞ்சின் படத்தை வரைந்து அதன்மேல் கோடுகளைப் போட்டார். இதயம் சாய்வாக இருக்கிறது. அதன் மின் அச்சு வலது தோள் பக்கத்திலிருந்து இடது பக்கமாகக் கீழே இறங்குகிறது. இடது கையும் இரண்டு கால்களும் அந்த இருமுனையின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரே பக்கத்து இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பெரிய வித்தியாசம் எப்படிக் கிடைக்கும்? நம் பாத்திரத்துப் பேட்டரிக் கதைதான், பாத்திரத்துக்குப் பதில் மனித உடம்பு.

வாலரின் செல்ல நாய் ஜிம்மி. புல்டாக். காலை உப்புத் தண்ணீர்ப் பாத்திரங்களில் வைத்துக்கொண்டு பொறுமையாக நிற்கும், அதன் இதயத் துடிப்பு பதிவாகும். 1909-ல் லண்டன் ராயல் சொசைட்டி நிகழ்ச்சியில் ஜிம்மி இப்படி நின்றதைப் பத்திரிகையில் பார்த்தவர்கள் கொதித்துவிட்டார்கள். விலங்குவதை என்று விவகாரம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போனது. கழுத்தில் ஆணி வைத்த பட்டையாமே என்று ஓர் உறுப்பினர் கேட்டார். உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன் எழுந்து, அது பித்தளைக் குமிழ் வைத்த சாதாரணக் கழுத்துப்பட்டை, தண்ணீரில் இருந்தது சமையல் உப்பு, கடலில் கால் நனைத்தவர்களுக்கு அந்த அனுபவம் புரியும் என்றார். நாய்க்கு வலித்திருந்தால் அதைப் பக்கத்தில் நின்றவர்கள் உடனே உணர்ந்திருப்பார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார். புல்டாக்கின் பல்லைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஒரு வேடிக்கை, இவ்வளவையும் செய்த வாலர், மருத்துவமனைகளில் இதற்குப் பெரிய பயன்பாடு இருக்கும் என்று நம்பவில்லை. அதை நம்பி உழைத்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். வெள்ளி பூசிய மெல்லிய குவார்ட்ஸ் இழையைக் காந்தங்களுக்கு நடுவே தொங்கவிட்டு அவர் செய்த கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை மருத்துவமனைக்குத் தூக்கிப்போக முடியாது என்பதால், 1905-ல் ஒன்றரை கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து டெலிபோன் கம்பி வழியாக நோயாளியின் இதய சிக்னலைத் தன் ஆய்வகத்துக்கே வரவழைத்தார். பின்னால், இரண்டு கைகளையும் இடது காலையும் மூன்று மூலைகளாக வைத்து, நடுவில் இதயம் என்கிற இருமுனையை வைத்து ஒரு முக்கோணம் போட்டார். மூன்று பக்கங்களிலிருந்து பார்த்தால் அம்புக்குறி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு. வாலர் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே காலமாகிவிட்டார்.

12 ஜன்னல்கள்

ஐந்தோவனின் மூன்று போதவில்லை. கை கால்களில் வைத்தால் உடம்பின் முன்தோற்றம் மட்டும்தான் கிடைக்கும், மேல்-கீழ், இடம்-வலம். முன்-பின் தெரியாது. அதற்காக நெஞ்சைச் சுற்றி ஆறு இடங்கள் சேர்ந்தன. அமெரிக்க, பிரிட்டிஷ் இதய மருத்துவ அமைப்புகள் 1938-ல் அந்த இடங்களை வரையறுத்தன. கை கால் வயர்களையே வேறு விதமாக இணைத்து இன்னும் மூன்று கோணங்களை 1942-ல் சேர்த்தவர் இமானுவேல் கோல்ட்பெர்கர். ஆக, மூன்றும் மூன்றும் ஆறும் பன்னிரண்டு.

படிக்கும் முறை ஒன்றுதான். அலை ஒரு எலெக்ட்ரோடை நோக்கி வந்தால் அந்தப் படத்தில் கூம்பு மேலே. விலகிப்போனால் கீழே. குறுக்கே போனால் கூம்பு சின்னதாகிவிடும், அல்லது மேலே பாதி கீழே பாதி என்று நின்றுவிடும். 'ஏ.வி.ஆர்' என்று எழுதிய படம் வலது தோளிலிருந்து பார்ப்பது. அலை அங்கிருந்து விலகித்தான் போகும் என்பதால், நல்ல ஆரோக்கியமான இதயத்திலும் அது தலைகீழாகத்தான் இருக்கும். காகிதத்தைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் இன்டர்நெட்டில் தேடுகிறவர்கள் இந்த ஒன்றுக்காகவாவது பயப்படாமல் இருக்கலாம்.

மணிக்கட்டில் மாட்ட வேண்டிய கிளிப்பை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே மாட்டினால் படம் பெரிதாக மாறாது. கை நீளமான ஒரு வயர் மாதிரிதான், இதயத்திலிருந்து ரொம்ப தூரம். நெஞ்சில் ஒட்டுவது அப்படியில்லை. இருமுனைக்கு அருகே போகப் போக ஒவ்வொரு அங்குலத்துக்கும் கணக்கு மாறும். முதல் இரண்டு கப்புகளை நான்காவது விலா இடைவெளியில் வைக்காமல் ஓர் அங்குலம் மேலே வைத்தாலே இல்லாத கோளாறு இருப்பதுபோலத் தெரியக்கூடும். பெண்கள் கூச்சப்படுவார்கள் என்று உடையை முழுதாக விலக்காமல் அவசரமாக ஒட்டி முடிப்பதில் இந்த ஆபத்து உண்டு. திரை போட்டு, பெண் டெக்னீஷியனை வரச்சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை. இடம் சரியாக இருப்பது கூச்சத்தைவிட முக்கியம். வலது கை, இடது கை வயர்கள் மாறிப்போனால் இன்னும் கூத்து. இதயம் வலது பக்கம் இருப்பவரின் இ.சி.ஜி-யோ என்று சந்தேகம் வரும்.

நடுக்கோட்டில் ஒளியும் அட்டாக்

பாத்திரத்தின் நடுக்கோட்டில் மீட்டரை வைத்தபோது பூஜ்ஜியம் காட்டியது நினைவிருக்கிறதா? அதுதான் இந்த விஷயத்தில் உயிர்போகிற இடம்.

இதயத்தின் கீழ்ச்சுவரில் அட்டாக் என்றால் லீட் 2, லீட் 3, ஏ.வி.எஃப் என்ற மூன்று படங்களில் தெரியும். முன்சுவர் என்றால் நெஞ்சு வயர்களில். பின்சுவர் என்றால்? முதுகுப் பக்கம் ஒரு வயர்கூட ஒட்டுவதில்லை. முன்னால் இருக்கும் படங்களில் கோடு மேலே ஏறுவதற்குப் பதில் கீழே இறங்கியிருக்கும், கண்ணாடியில் தெரியும் பிம்பம் மாதிரி. அனுபவமுள்ள டாக்டர்கள் அதைப் பார்த்ததும் நோயாளியின் முதுகில் மூன்று எலெக்ட்ரோடு ஒட்டி மறுபடி எடுக்கச் சொல்வார்கள். வலது கீழறையில் சந்தேகம் வந்தால் நெஞ்சின் வலது பக்கம் ஒட்டிப் பார்ப்பார்கள்.

அட்டாக் தொடங்கிய சில நிமிடங்களில் எடுத்த இ.சி.ஜி நார்மலாக இருப்பதும் உண்டு. கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் மாறியிருக்கும். அதனால்தான் வலி தொடரும்போது இரண்டாவது, மூன்றாவது இ.சி.ஜி-யும், 'ட்ரோபோனின்' ரத்தப் பரிசோதனையும். இதைப் "பில் ஏத்துறாங்க" என்று கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். மற்ற பில்களைப் பற்றித் தெரியாது, இந்த விஷயத்தில் மட்டும் அந்தக் கோபம் வேண்டாம்.

ஸ்மார்ட்வாட்ச்சும் இப்போது இ.சி.ஜி எடுக்கிறது. ஒரு கையின் மணிக்கட்டில் வாட்ச், மறுகையின் விரல் அதன்மேல். வாலரின் 'இடது கை, வலது கை' ஜோடியேதான். 12 ஜன்னல்களில் ஒரே ஒரு ஜன்னல். துடிப்பின் தாளம் தப்புவதைக் கண்டுபிடிக்க அது உண்மையிலேயே உதவுகிறது, தாளத்தை எந்த ஜன்னலிலிருந்தும் பார்க்கலாம். ஆனால் அட்டாக்? ஆப்பிள் வாட்ச்சே, தன்னால் ஹார்ட் அட்டாக்கைக் கண்டுபிடிக்க முடியாது என்று எழுதிக் காட்டுகிறது. நெஞ்சில் பாரம், தாடைக்கும் தோளுக்கும் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத்திணறல் என்று இருக்கும்போது, "வாட்ச்ல நார்மல்னு வருது, கேஸ் ட்ரபிளா இருக்கும்" என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பது, நடுக்கோட்டில் மீட்டரை வைத்துவிட்டு பேட்டரியே இல்லை என்று சொல்வதுபோல. ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது பழைய இ.சி.ஜி இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். ஒவ்வொருவரின் இதய அச்சும் ஒவ்வொரு மாதிரி சாய்ந்திருக்கும். ஒல்லியாக உயரமாக இருப்பவருக்குச் செங்குத்தாக, பருமனானவருக்கும் நிறைமாதக் கர்ப்பிணிக்கும் கொஞ்சம் படுக்கையாக. மூச்சை ஆழமாக இழுத்துப்பிடித்தாலே சில படங்கள் லேசாக மாறும். போன வருடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் இன்று புதிதாக மாறியது எது என்று டாக்டரால் சொல்ல முடியும். பல மெஷின்களில் வருவது தெர்மல் காகிதம், கடை பில் மாதிரி நாளாக ஆக மங்கிவிடும். வாங்கிய அன்றே, பெயரும் தேதியும் தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவருக்கும் அனுப்பிவையுங்கள்.